நீல மேலங்கியின் அக்குள் தையல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடலாலும் உள்ளத்தாலும் குறைவின்றி இருக்கிறோம், அங்கே நீ குளிருக்குத் தக்க உடுத்திப் பசிக்குத் தக்க உண்டு நலமாக இருக்கிறாய் என்பதை உன் கையெழுத்தில் காண விழைகிறோம், ஏனெனில் அலைபேசியில் நீ நலம் என்று சொல்லும்போதெல்லாம் நீ ஒன்று சொல்கிறாய், உன் குரல் வேறொன்று சொல்கிறது. அப்பாவுக்கு இடக்கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. நாற்பது ஆண்டு நாளிதழ் அச்சகத்தில் பிழை திருத்திய கண் அல்லவா, கட்டு அவிழ்த்ததும் மருத்துவமனைச் சுவரில் இருந்த அறிவிப்பைக் காட்டி, முதல்ல இதுக்கு வைத்தியம் பாருங்க சிஸ்டர், மூணு தப்பு இருக்கு என்றாராம். என் தொண்டைக்கு மாதம் இரண்டு கூட்டத்தில் பேசினால் போதும் என்றார் மருத்துவர், நான் நான்கில் தொடங்கி மூன்றில் உடன்பாடு செய்திருக்கிறேன். உன் அறையின் சன்னல் கதவு மழைக்கு உப்பிப்போய்ச் சாத்த மறுக்கிறது, அதைச் செதுக்கத் தச்சர் நாளை வருவதாகச் சொல்லி இன்றோடு பதினொரு நாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியது என் காதை விட்டு அகலவில்லை மகளே. நம் ஆடை வடிவமைப்பாளர் கத்திரியம்மாவின் புதிய ஆடைகள் அரங்கேறியதை முன்வரிசையில் அமர்ந்து பார்த்தேன் என்று நீ தொடங்கியதும் எனக்குப் பூரிப்பில் நெஞ்சு நிறைந்தது. பிறகு நீ சொன்னாய், எல்லாம் கண்ணுக்கு அழகா இருக்கு அம்மா, ஆனா போட்டுட்டு நடந்த பொண்ணுங்கள்ல ஒருத்தியாலயும் கையைத் தூக்க முடியல, ஒருத்தி கண்ணுல விழுந்த முடியை ஒதுக்கக் கையைக் கொண்டுபோக முடியாம தலையைக் குனிஞ்சு கைகிட்ட கொண்டுவந்தா என்று. அவங்களுக்கு வாழ்நாள் விருது கொடுக்கப்போறாங்க, அதுக்கு முன்னால நான் போய் என் திறனாய்வுல இதை எழுதணுமா, உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு வேற யாரையாவது எழுதச் சொல்லிடலாம்னு இருக்கேன் என்று முடித்தாய். பத்தாயிரம் பேர் நடுவே எவர் கேள்வி எழுப்பினாலும் நொடியில் விடை தரும் உன் அம்மா, யோசிச்சுச் சொல்றேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அப்பா, முப்பத்தஞ்சு வருஷத்துல இப்பதான் உன் பேச்சுல ஒரு முற்றுப்புள்ளியைப் பார்த்தேன் என்றார். நான் சிரிக்கவில்லை. உன் அச்சத்துக்கு வேர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

நம் பழைய வீட்டுச் சமையலறை அலமாரியின் உட்கதவு உனக்கு நினைவிருக்கும். வெளியே மேடைதோறும், மாந்தரை அளக்க உடையை நோக்காதீர், உரையை நோக்குவீர் என்று முழங்கிய நான், வீட்டில் உன்னோடு அமர்ந்து அந்த ஆடை வடிவமைப்பாளரின் படங்களைக் கத்தரித்து அந்தக் கதவின் உட்புறம் ஒட்டிக்கொண்டிருந்தேன். வேலைக்குச் செல்லும் பெண்ணின் மேலங்கிக்குப் பை வேண்டும், அந்தப் பைக்குள் அவள் கை முழுதாக நுழைய வேண்டும் என்று வெட்டித் தைத்தவர் அவர். நாட்டின் முதற்பரிசை வாங்க மேடையேறிய அன்றும் தம் கை மடிப்பில் இருந்த தையற் சுண்ணக்கோட்டைத் துடைக்காமல் நின்றார், அந்தப் படத்தை நீ நடுவில் ஒட்டினாய். கத்திரியம்மா என்று பெயர் வைத்ததும் நீதான். சனிக்கிழமை மாலைகளில் அப்பா அச்சகத்திலிருந்து மறுநாள் இணைப்பிதழை மை காயுமுன் கொண்டுவருவார், அதில் வரும் ஆடைத் திறனாய்வை நான் மேடைக் குரலில் படிப்பேன், நீ மேசை விளிம்பில் அமர்ந்து காலை ஆட்டிக்கொண்டு கேட்பாய். எழுதியவரின் முகம் நமக்குத் தெரியாது, ஞாயிற்றுக்கிழமைக்காரர் என்றே அழைத்தோம். அவர் ஒருமுறை கத்திரியம்மாவின் பரிசு பெற்ற தொகுப்பில் ஏழாம் உடையைப் பற்றி, இதன் பின்கழுத்துப் பொத்தான் பார்ப்பவருக்காக இருக்கிறது, போடுபவருக்காக இல்லை என்று எழுதிவிட்டார். பத்து வயதில் நீ கொதித்தாயே ஒரு கொதி. கண்ணீரும் கடுஞ்சொல்லுமாக அவருக்கு இரண்டு பக்கம் எழுதினாய், அப்பா அதிலும் பிழை திருத்தி அஞ்சலில் சேர்த்தார். ஒற்றை வரியில் விடை வந்தது, அந்த இடத்தில் ஒரு பொத்தானைத் தைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள் என்று. நீ உன் பள்ளி மேலங்கியில் தைத்துப் பார்த்தாய், அதைப் பூட்டக் கால் மணி நேரம் போராடிவிட்டு வந்து, அவர் சொன்னது சரிதான்மா, ஆனா அவர் மேல இன்னும் கோவமாத்தான் இருக்கேன் என்றாய். அந்த வாரமே கோடு போட்ட குறிப்பேடு ஒன்று வாங்கித் தரச் சொன்னாய். அவருக்கு எழுத்துக்கான பரிசு கிடைத்த நாளில் நாம் மூவரும் வீட்டிலேயே எழுந்து நின்று கைதட்டினோம், அடுத்த வீட்டார் வந்து என்ன செய்தி என்று கேட்டார்கள்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன், இருபத்தொரு ஆண்டு தள்ளிப்போட்டது. ஆலைத் தொழிலாளப் பெண்களின் மாநாட்டுக்காக நான் நீல மேலங்கி தைத்துக்கொண்டபோது உனக்கு வயது பதின்மூன்று. தெருமுனைத் தையற்காரர் அளவெடுக்கையில் நான் கைகட்டி நிமிர்ந்து நின்றேன், கையைத் தூக்கச் சொல்லி அளவெடுங்க என்றாய் நீ, பெரியவங்க வேலையில மூக்கை நுழைக்காதே என்று அதட்டினேன். மேலங்கி வந்தது, நீ அதைப் பற்றிக் குறிப்பேட்டில் எழுதி, மாநாட்டுக்குப் புறப்படும் வேளையில் தாளைக் கிழித்து என் கையில் கொடுத்தாய். அக்குள் தாழ்வு, அம்மா கையைத் தூக்கினால் கிழியும் என்ற வரி வரை படித்தேன். வண்டி வாசலில் நின்றது. கசக்கி மேலங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு போனேன். அன்று, உழைப்பவள் கை ஓங்கட்டும் என்று நான் கையை உயர்த்திய அந்த நொடியில் அக்குள் தையல் விட்டது, ஒலிவாங்கி அதையும் பெரிதாக்கி அரங்கம் முழுதும் கேட்கவைத்தது. முன்வரிசை சிரித்தது. எஞ்சிய அரைமணி நேரமும் கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு பேசினேன், அது பேச்சே இல்லை. தையற்காரரிடம் சீறினேன், அவரோ, கையைக் கட்டிக்கிட்டு அளவு குடுத்தா கையைக் கட்டிக்கிட்டுப் பேசத்தான்மா சட்டை வரும், உங்க பொண்ணு அன்னைக்கே சொல்லுச்சே என்றார். அந்தச் சினத்தையெல்லாம் வீட்டுக்குச் சுமந்து வந்து உன்மேல் இறக்கினேன். உன் கரிநாக்குதான்டி காரணம், பெத்தவளைப் பத்தி இப்படி எழுத எப்படிடி கை வந்துச்சு என்றேன். அதற்குப் பிறகு உலகத்தார் உடையெல்லாம் உன் குறிப்பேட்டில் வந்தது, என் உடை வரவேயில்லை. நான் என்ன உடுத்திக் கேட்டாலும், நல்லா இருக்கு அம்மா என்ற மூன்று சொற்களைத் தவிர உன்னிடமிருந்து நான் எதையும் பெறவில்லை. மனத்துக்கு நெருங்கியவரைப் பற்றி உண்மையை எழுதினால் அவரை இழந்துவிடுவோம் என்று உனக்குக் கற்பித்தது நான்தான் கண்ணே. தவறு என்னுடையது. பொறுத்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை அந்த மேலங்கியை அலமாரியின் ஆழத்திலிருந்து எடுத்து அதே தையற்காரரிடம் கொண்டுபோனேன், கிழிந்த நாளுக்குப் பின் அதை நான் தொட்டதே இல்லை. தலை முழுதும் வெளுத்துவிட்டது அவருக்கு, வாய் அப்படியே இருக்கிறது, இப்பவாவது தூக்குங்கம்மா என்று சொல்லி என் கையை உயர்த்திவைத்து அளவெடுத்தார். வெட்டுமேசையில் விரிக்குமுன் வழக்கப்படி பைகளைத் துழாவியவர் உன் தாளை எடுத்து, சூடான இஸ்திரிப்பெட்டியால் ஒரு தேய்ப்புத் தேய்த்து நீட்டி, நம்ம மேல தப்பில்லன்னு பாப்பா எழுதியிருக்குதும்மா, பாருங்க என்றார். அப்போதுதான் நான் படிக்காமல் கசக்கிய மிச்சத்தைப் படித்தேன். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், உன் திறனாய்வை எழுதுமுன் நீயும் ஒருமுறை படி. கத்திரியம்மா என்ன சொல்வார், எழுதியபின் உன்னிடம் முகம் கொடுப்பாரா என்று எனக்குத் தெரியாது, தெரிந்ததுபோல் முழங்கவும் மாட்டேன். ஆனால் மாதக் கடைசிக்குள் எழுதிவிடு, வேறொருவரிடம் விடாதே.

நீ நெடிது வாழ்க, உன் கண் கூர்மை மழுங்காதிருக்க, உன் சொல் எவர்முன்னும் தலை தாழாதிருக்க உன் பெற்றோர் வாழ்த்துகிறோம். இரவு உணவைத் தள்ளிப்போடாதே. கட்டுரை வந்த இதழில் ஒரு படி அனுப்பு, புதுக்கண்ணோடு சிவப்புப் பேனாவைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறார் அப்பா. பதினைந்தாம் தேதிக் கூட்டத்துக்கு நீல மேலங்கிதான், படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன், நல்லா இருக்கு அம்மா என்று மட்டும் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன். உன் தாளின் கடைசி வரிகளை இங்கேயும் எழுதிவைக்கிறேன், வழியில் தாள் தவறினாலும் இவை உன்னை வந்து சேரட்டும்: "அம்மா கையைத் தூக்காமல் பேச மாட்டாள். பேசவும் கூடாது. அதனால் மேலங்கியைத்தான் மாற்ற வேண்டும்."

கை உயர்த்தி வாழ்த்தும்,
உன் அம்மா