மூன்றாவது பெண்ணுக்கு டி.வி. பேர்

ஜூன் 7, ஞாயிறு

காலையிலேயே வெயில். கொடியில் போட்ட துணி அரை மணியில் காய்ந்துவிட்டது. குழந்தைக்கு ஒன்பதாம் நாள். இடுப்பு வலி குறைவு. மறுபடியும் பூண்டுக் குழம்பு.

பத்து மணிக்கு இந்தி சீரியல். பெரியவள் பத்மா மாடிக்குப் போய் ஆன்டெனாவைத் திருப்பினாள். இந்த வீட்டில் யாருக்கும் இந்தியில் ஒரு எழுத்து தெரியாது. இருந்தும் ஒரு வாரம் விடுவதில்லை. கதாநாயகி மாட்டு டாக்டர். ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போகிறாள். அவள் கிளம்பும்போதெல்லாம் அப்பா வாசலில் வந்து நின்று "பிட்டியா" என்று கூப்பிடுவார். அவள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். இன்று அவள் நனைந்துபோய் வந்தாள், அப்பா டீ போட்டுக் கொடுத்தார்.

அத்தை (மாமியார்): "அப்பன் டீ போடறான், பொண்ணு குடிக்குது. நல்லா கீது கூத்து."

டி.வி.யை அணைத்ததும் அத்தையே பேச்சை எடுத்தார். பதினாறாம் நாள் பேர் வைக்க வேண்டும், பேரும் முடிவாகிவிட்டதாம். போதும்பொண்ணு. மூன்றாவதும் பெண்ணானால், போதும், இனிமேல் ஆண் வரட்டும் என்று வைக்கிற பேர்.

"என் பொண்ணுக்கு அது வேணாம் அத்தை. பிட்டியான்னு வைக்கப் போறேன்."

சொல்லிவிட்டேன். யோசித்தெல்லாம் சொல்லவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. வந்தது வந்ததுதான்.

ஜூன் 8, திங்கள்

அத்தை பேசவில்லை. நிம்மதி.

அவர் (வீட்டுக்காரர், துணிக்கடைக்குக் கிளம்பும்போது): "ஏன் தனம், இன்னாத்துக்கு இந்த வம்பு? இட்டிலிய பிட்டியா, தோசைய பிட்டியான்னு கேலி பண்ணுவானுங்க."

பண்ணட்டும். போதும்பொண்ணு என்றால் யாரும் கேலிகூடப் பண்ண மாட்டார்கள். பாவம் பார்ப்பார்கள். அதுதான் எனக்கு ஆகாது.

எங்கள் தெருப் பேர்கள், நினைவுக்கு வந்தவரை:

தையல்காரர் பையன். டி.வி. விளம்பரத்தில் பல் தேய்க்கிற பையன் பேர். நிஜத்தில் இவன் பல்லே தேய்ப்பதில்லை.

கணக்குப்பிள்ளை பேத்தி. செய்தி வாசிக்கிற அம்மாள் பேர். நல்ல பேர், நீளம் அதிகம்.

சைக்கிள் கடைக்காரர் மகள். ஏதோ சீரியல் வில்லி பேர். வில்லி என்று பிறகுதான் தெரிந்ததாம். மாற்றவில்லை. தைரியசாலி.

அதற்கு முந்தின தலைமுறை: மண்ணாங்கட்டி, பிச்சை, குப்பு, இரண்டு போதும்பொண்ணு. பிள்ளை தங்க வேண்டும் என்று பயத்தில் வைத்தது, அடுத்தது ஆணாக வேண்டும் என்று கோபத்தில் வைத்தது. டி.வி. பார்த்து வைக்கிற பேரைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம். நாங்களாவது ஆசையில் வைக்கிறோம். இருபது வருஷத்தில் இந்தப் பேர்களும் பழசாகிவிடும். ஆகட்டுமே. ஆசைப்பட்டு வைத்த பேர் பழசானால் என்ன?

பால் சரியாக ஊறவில்லை. அழுகிறாள்.

ஜூன் 9, செவ்வாய்

நல்லவாடு ஊர் மீன்காரம்மா வந்தார். பால் ஊற பால்சுறா கொண்டுவந்தார். அத்தையே அவித்து உதிர்த்துப் புட்டு செய்தார். பேசாவிட்டாலும் கைமணம் குறையவில்லை. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

கூடையை இறக்கியதுமே அத்தை அவரிடம் பஞ்சாயத்து வைத்தார்.

"நீயே சொல்லுமா. பொட்டியில பாத்த பேர வைக்கிறேன்றா."

"வக்கட்டுமே. எங்கூர்ல மீன்புடிக்கிற போட்டுக்கே டி.வி. பேரு வச்சிக்கிறான் ஒர்த்தன். போட்டு நல்லாதான் ஓடுது."

சிரித்ததில் தையல் போட்ட இடம் வலித்தது.

போகும்போது என்னிடம் மட்டும்: "எம் பேரு இன்னா தெரியுமா? போதும். பொண்ணு கூட இல்ல, வெறும் போதும். ஓட்டு போடப் போனா, 'போதும் யாரு'ன்னு கத்துவான். வரிசையே திரும்பிப் பாக்கும்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 11, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. இரண்டாமவள் அலமேலுவுக்கு ஜுரம்.

குழந்தை பேரைச் சேர்க்க வேண்டும் என்று அவர் ரேஷன் கார்டை எடுத்து மேசைமேல் வைத்திருந்தார். எப்போதும் அத்தை பெட்டியில் இருப்பது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இன்றுதான் கையில் எடுத்துப் பார்த்தேன்.

குடும்பத்தலைவர் பேர். அடுத்த வரி, தாயார்: வேண்டாம்மாள்.

ஊரே வேணியம்மா என்று கூப்பிடுகிறது. நானும் வேணி என்றுதான் நினைத்திருந்தேன்.

கார்டும் கையுமாக நின்றதை அத்தை பார்த்துவிட்டார். நான்கு நாளைக்குப் பிறகு அவராகப் பேசினார்.

"நாலாவது பொண்ணு நானு. வேண்டாம்னு வச்சாங்க. அடுத்த வருசமே தம்பி பொறந்தான். பேரு வேல செஞ்சிதா இல்லியா?"

"தம்பிக்கு வேல செஞ்சிது. உங்களுக்கு இன்னா செஞ்சிது அத்தை?"

அத்தை அரிசி புடைக்கப் போய்விட்டார். முறத்தில் வெறும் கல்லாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார், ரொம்ப நேரம். கேட்டிருக்கக் கூடாதோ. இல்லை, கேட்க வேண்டியதுதான்.

ஜூன் 12, வெள்ளி

மானம் போன நாள். எழுதவே பிடிக்கவில்லை, எழுதுகிறேன்.

சூரத் சேலை ஏஜென்ட் கடைக்கு வந்தார். மாதம் ஒரு தடவை வருகிறவர், வடக்கத்திக்காரர், தமிழ் ஓரளவு வரும். கடைக்குப் பின்னால்தானே வீடு. குழந்தையைப் பார்க்க உள்ளே வந்தார். பத்மா தூளியை ஆட்டிக்கொண்டே "பிட்டியா, பிட்டியா" என்று பாடிக்கொண்டிருந்தாள்.

அவர் முகமெல்லாம் சிரிப்பு. "அட! இந்தி பேசறீங்க?"

"அதுதாங்க பேரு," என்றேன்.

"பேர் இல்லே அம்மா. எங்க ஊர்லே பொண்ணை ஆசையா கூப்பிடறது. நீங்க மகளே சொல்றீங்க இல்லே? அது."

"அப்ப அந்த சீரியல் பொண்ணு பேரு?"

அவர் அந்த சீரியலே பார்ப்பதில்லையாம்.

ஆக, நாலு மாதமாக அவள் பேரே எங்களுக்குத் தெரியாது. அந்த அப்பா வாசலில் நின்று மகளே, மகளே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் அதைப் பேர் என்று பிடித்துக்கொண்டேன்.

கடைக்குப் போய் ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். கடை முழுக்கச் சிரிப்பு, உள்ளேவரை கேட்டது. சாப்பிட வந்தபோதும் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மகளுக்கு மகள்னு பேரு! ஆட்டுக்குட்டிக்கு ஆட்டுக்குட்டின்னு வைக்கிற மாரி. உடு தனம், அம்மா சொன்னதயே வச்சிடலாம்."

அத்தை சிரிக்கவில்லை. அதைக் கவனித்தேன்.

அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டேன்.

ஜூன் 13, சனி

புழுக்கம். மழை வருகிற மாதிரி இருந்து ஏமாற்றிவிட்டது.

நாளைக்கு வாங்க வேண்டியவை: வெற்றிலை, கற்கண்டு, சாம்பிராணி, அரைஞாண் கயிறு, வசம்பு வளையல்.

காலையிலிருந்து ஒரே யோசனை. எங்கப்பா என்னை எப்படிக் கூப்பிடுவார்? "ஏய், யார்ரா அங்க." வீட்டில் நாங்கள் ஐந்து பெண்கள். யார் வந்தாலும் சரி என்று பொதுவாகக் கூப்பிடுவார். மகளே என்று ஒரு நாள் கூப்பிட்டதில்லை. என் வீட்டுக்காரரும் பத்மாவை அப்படிக் கூப்பிட்டதில்லை. கெட்டவர் இல்லை, பழக்கமில்லை.

இப்போது இந்தப் பேரை வைத்தால் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். கடைக்கு டீ கொண்டுவர, பால் வாங்க, எதற்குக் கூப்பிட்டாலும் மகளே. வாத்தியார் கூப்பிட்டாலும் மகளே. இட்டிலிய பிட்டியா என்று கேலி பண்ணுகிறவனும் மகளே என்றுதான் சொல்லியாக வேண்டும், பாவம், அவனுக்கே தெரியாமல்.

அன்று தெரியாமல் சொன்னேன். இன்று தெரிந்தே சொல்கிறேன். அவரிடம் சொன்னேன்: "பேரு அதேதான். மாத்தமாட்டேன்."

"அர்த்தம் தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். பாதி சோறு மிச்சம். பத்மா சாப்பிட்டாள்.

ஜூன் 14, ஞாயிறு

பதினாறு. தலைக்கு ஊற்றினார்கள். சொந்தத்தில் பத்துப் பதினைந்து பேர். உறுவையாற்றிலிருந்து என் அக்கா மட்டும் வந்தாள்.

வீட்டில் மூத்தவர்தான் குழந்தை காதில் மூன்று தடவை பேரைச் சொல்ல வேண்டும். அத்தை மடியில் குழந்தை. வெற்றிலையைக் காதோரம் மறைத்துப் பிடித்துக் குனிந்தார். அவர் காதில் சொல்வதுதான் பேர். என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவும் கேட்காது.

குனிந்தவர் அப்படியே நிமிர்ந்துவிட்டார். "எனக்கு வாயில வரல. பெத்தவளே சொல்லட்டும்."

எது வாயில் வரவில்லை? பிட்டியாவா, போதும்பொண்ணா? கேட்கவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டேன். வெற்றிலை வைக்கவில்லை. காதில் முணுமுணுக்கவும் இல்லை. கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி மூன்று தடவை சொன்னேன். குழந்தை திடுக்கிட்டு அழுதது. யாரோ, "இன்னா பொம்பளபா இது" என்றார்கள்.

டி.வி. போடவில்லை. அந்த மாட்டு டாக்டர் இந்த வாரம் என்ன ஆனாளோ.

ஜூன் 15, திங்கள்

கொம்யூன் (பஞ்சாயத்து) ஆபீசில் பேர் எழுதும் வேலை. பிறந்ததை அவர் அன்றே பதிந்துவிட்டார், பேர் மட்டும் பாக்கி. "நா போவமாட்டேன், மானம் போவும்" என்றார். நல்லது, நானே கிளம்பினேன். முப்பது நாள் வரை வாசல் தாண்டக் கூடாது என்று யாராவது தடுப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

ரிக்‌ஷாவில் ஏறும்போது அத்தை வந்து குழந்தை தலையில் துணியைப் போர்த்தினார். கொம்யூன் ஆபீசை அவர் இன்னும் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பேரில் மேரி என்றுதான் சொல்வார்.

"மேரியில கேட்டா தைரியமா சொல்லு. எனக்கு எழுதனவன் ஒண்ணும் கேக்கல. வேண்டாம்னாங்க, எழுதிக்கினான்."

ஆபீசில் கூட்டமில்லை. குமாஸ்தா பெரிய ரிஜிஸ்டரை விரித்துப் பக்கத்தைத் தேடி எடுத்தார்.

"கொழந்த பேரு?"

"பிட்டியா."

பேனா நின்றது. "அப்படின்னா?"

"மகள்."

"மகள்தாம்மா. பெண்ணுன்னு முன்னயே எழுதிக்கீது, பாரு. நா கேக்கறது பேரு."

"அதாங்க பேரு. அங்க எழுதனது நீங்க எழுதனது. இது நான் எழுதறது."

என் முகத்தையே பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுக் கேட்டு எழுதினார்.