பேஜோ கப்பலேறும் நாள்

பரிஸ், லா ஷப்பல்
6 ஏப்ரல் 1986, ஞாயிறு

மாதா துணை

அன்பின் பேர்ளிக்கு,

உயிர்த்த ஞாயிறு கழிந்து ஏழாம் நாள் இதை எழுதுகிறேன். நான் சுகம். இருமல் போய்விட்டது. கோப்பை கழுவும் வேலை அதே இடத்தில்தான். கைத்தோல் உரிவதற்கு முதலாளியின் மனைவி ஒரு பூச்சுமருந்து தந்திருக்கிறார். செசில் பள்ளிக்கூடம் போக அழுகிறாள் என்று எழுதியிருந்தீர். அழட்டும். நானும் அழுதுகொண்டுதான் போனேன், பாரும், பரிஸ் வரைக்கும் வந்துவிட்டேன்.

என் கடிதங்களை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் சத்தமாக வாசிக்கச் சொல்லி மாமா கேட்கிறாராம். பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து கிடக்கிற மனுஷனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? உம்முடைய அப்பாவுக்குப் பிடித்த விஷயத்தையே எழுதுகிறேன். மாமா, கேளுங்கோ. எனக்கு ஒரு பிக்கப் கிடைத்திருக்கிறது.

நாங்கள் ஐந்து பேர் இருக்கும் றூம், தமிழ்க் கடைகள் இருக்கிற ரூ காய் என்ற தெருவுக்குப் பக்கத்துத் தெருவில், நாலாம் மாடியில். கட்டடத்துக்கு நடுவே ஒரு கல் முற்றம், ஒரு காலத்தில் குதிரை கட்டிய இடமாம். அதன் மூலையில் படங்கு போட்டு மூடிய ஏதோ ஒன்று நின்றது. பழைய கட்டில்கள் என்று நினைத்துக்கொண்டு ஒரு வருடமாக அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போய் வந்தேன். ஜனவரியில் ஒருநாள் காற்றுக்குப் படங்கு விலகி ஒரு முன்விளக்குத் தெரிந்தது. வருத்தக்கார மாடு ஒரு கண்ணைத் திறந்து பார்த்த மாதிரி இருந்தது, பேர்ளி. அன்றைக்கு வேலைக்குப் பிந்திப் போய் ஏச்சு வாங்கினேன்.

பேஜோ 403, சாம்பல் நிறம், பின்பக்கம் திறந்த பிக்கப். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் மரி-லூயிஸ் அம்மாவுடையது. காரைக்கால் தமிழச்சி. பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரரைக் கட்டிக்கொண்டு வந்தவர். அந்தக் கணவர் ஓய்வு பெற்ற பிறகு இந்த வாகனத்தில்தான் சென் தெனிச் சந்தைக்கு மரக்கறி ஏற்றினாராம். அவர் இறந்து பன்னிரண்டு வருடம், வாகனமும் அன்றைக்கு நின்றதுதான். கட்டடச் சொந்தக்காரர் ஒக்ரோபர் முடிவதற்குள் அதை அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டார். ஓடப் பண்ணினால் நீயே எடுத்துக்கொள், இல்லையென்றால் பழைய இரும்புக்குப் போகும் என்று அம்மா சொன்னார்.

எஞ்சின் இறுகிக் கல்லாகக் கிடந்தது. பிளக்குகளைக் கழற்றி, மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து விபூதிப் புதனன்று ஊற்றினேன். தவக்காலம் முழுக்க, வேலைக்குப் போக முன்னம் ஒரு தரம் முன்னால் கம்பியைப் போட்டு எஞ்சினைத் திருப்பிப் பார்ப்பேன். அசையாது. றூமில் இருக்கிற பெடியங்கள் என்னை எஞ்சினுக்கு உபவாசம் இருக்கிறவன் என்று பகிடி பண்ணினார்கள். பெரிய சனியன்று கம்பி ஒரு விரற்கடை இறங்கியது. நான் அந்த ஈரக் கல்லில் குந்தியிருந்து அழுதேன். மாமா சிரிப்பார், சிரிக்கட்டும்.

இனி உம்முடைய கேள்வி. நீங்கள் வருவீர்களா, எங்களைக் கூப்பிடுவீர்களா என்று ஒரே வரியில் கேட்டிருந்தீர். நான்தான் வருவேன். மாமாவை விட்டுவிட்டு நீர் வர மாட்டீர் என்று எனக்குத் தெரியாதா? நமது ஒஸ்ரின் வாகனத்தை ஆமிக்காரன் கொண்டுபோய், என்னை நாலு நாள் வைத்திருந்து விட்டபோது, வாகனம் போனால் போகட்டும், மருமகன் திரும்பி வந்தது காணும் என்று சொன்ன மனுஷன் அவர். பிறகு என்னை வற்புறுத்தி அனுப்பிவைத்தவரும் அவர்தான். ஒஸ்ரினுக்குப் பதிலாக இந்தப் பேஜோவைக் கொண்டுவருவேன். மர்செய் துறைமுகத்தில் கப்பலேற்றினால் கொழும்பு. அங்கிருந்து மதவாச்சி, மன்னார்ப் பாலம், நம்முடைய பேசாலை. கண்ணை மூடினால் எனக்கு வழி முழுக்கத் தெரிகிறது, எந்த வளைவில் எத்தனையாம் கியர் என்றுகூட.

செசிலுக்கு முத்தம். மாமாவின் காலுக்கு எண்ணெய் தடவ மறக்க வேண்டாம்.

என்றும் உம்முடைய
வலன்ரைன்

13 யூலை 1986, ஞாயிறு

மாதா துணை

அன்பின் பேர்ளிக்கு,

உம்முடைய கடிதமும் செசில் கீறிய படமும் வந்து சேர்ந்தன. படத்தில் பிக்கப்புக்கு ஆறு சில்லு, எனக்குப் பெரிய மீசை. மீசையை எடுத்து எட்டு மாதம் ஆகிறது என்று அவளுக்குச் சொல்ல வேண்டாம். வளர்த்துவிடுகிறேன்.

பிரெஞ்சுக்காரனுடைய இரும்பு பேசாலை உப்புக்காற்றுக்கு நின்று பிடிக்காது என்று மாமா சொன்னாராம். மாமாவுக்குச் சொல்லும், அடித்தட்டு முழுவதையும் சுரண்டி இரண்டு பூச்சுப் பூசியாயிற்று. பெற்றோல் தாங்கியில் ஊசித்துவாரம் இருந்தது. மர்செய் சவர்க்காரத்தைக் குழைத்து அப்பினேன், நமது ஒஸ்ரினுக்கு சன்லைற் அப்பின மாதிரி. ஒரு சொட்டும் இல்லை.

றேடியேற்றர்தான் கரைச்சல் தந்தது. எஞ்சின் முதல்முறை இருமி இருமிப் பிடித்து ஒரு நிமிஷம் ஓடியது, அதற்குள் கீழே குளம். கீழ்மாடியில் இருக்கும் பிரெஞ்சுக்காரர், பாவம், நல்ல மனுஷன், புதிதாக வாங்க வேண்டும் என்று சொல்லிக் கடையின் விலாசமும் எழுதித் தந்தார். நான் ரூ காய்க்குப் போய் வாமதேவன் அண்ணையின் கடையில் மஞ்சள்தூள் வாங்கிவந்து இரண்டு கரண்டி போட்டேன். பிரெஞ்சுக்காரர் மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அரை மணித்தியாலத்தில் ஒழுக்கு நின்றது. ஆனால் எஞ்சின் சூடேறியதும் முற்றம் முழுக்கக் குழம்பு மணம். நாலு மாடியிலும் யன்னல் திறந்து, இன்றைக்கு என்ன சமையல் என்று எட்டிப் பார்த்தார்கள். மரி-லூயிஸ் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

அகதி அலுவலகத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க ஒருவர் இருந்தார். அந்த நாலு நாளைப் பற்றிக் கேட்டார்கள், சொல்ல வேண்டியதைச் சொன்னேன். முடிவு வர மாதங்கள் எடுக்குமாம். அதுவரைக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ரிசெப்பிசே என்கிற தற்காலிக அனுமதித் துண்டுதான் என் முகம்.

நாளைக்கு இந்த நாட்டின் பெரிய நாள். நேற்றே பிள்ளைகள் தெருவில் வெடி கொளுத்தத் தொடங்கிவிட்டார்கள். நான் அப்போது வாகனத்துக்கு அடியில் படுத்திருந்தேன். முதல் வெடி கேட்டதும் கையில் இருந்த ஸ்பனர் விழுந்துவிட்டது. வெடி ஓய்ந்த பிறகும் நெடுநேரம் அங்கேயே கிடந்தேன். மரி-லூயிஸ் அம்மா குனிந்து பார்த்து, தேத்தண்ணீரைச் சில்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிறு பின்னேரங்களில் வேலை முடிந்து பின்தட்டில் ஏறி மல்லாந்து படுப்பேன். மேலே சதுரமாக ஒரு துண்டு வானம். மேம்பாலத்தில் மெத்ரோ போகும் இரைச்சல் வந்து வந்து அடங்கும், கடற்கரையில் படுத்திருக்கிற மாதிரியே இருக்கும். அரைத்தூக்கத்தில் வாகனம் தானாக நகரும். கார் து நோர் ஸ்டேசனைத் தாண்டும், தண்டவாளங்களைத் தாண்டும், பிறகு றோட்டு மெல்ல மெல்ல வெள்ளை மணலாகும். சில்லு மணலில் புதையாது. செசில் பின்தட்டில் நின்று கத்துவாள். நீர் பக்கத்தில் இருந்து, மெல்லப் போங்கோ, மெல்லப் போங்கோ என்று சொல்லிக்கொண்டே வருவீர். அந்த மெல்லத்திலேயே நான் உறங்கிப்போவேன்.

எப்போது கப்பலேறும் என்று மாமா கேட்கிறார் என்று எழுதியிருந்தீர். பிறேக்கும் கிளச்சும் மிச்சம். பிறகு படங்கு தைக்க வேண்டும். கனக்க வேலை இருக்கிறது என்று சொல்லும்.

உங்கள் மூவரையும் மாதாவின் கையில் ஒப்படைக்கிறேன்.

வலன்ரைன்

19 ஒக்ரோபர் 1986, ஞாயிறு

மாதா துணை

அன்பின் பேர்ளிக்கு,

மாமாவுக்கு நல்ல செய்தி. பேஜோ ஓடிவிட்டது.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்து தொடங்கினேன். வாமதேவன் அண்ணை வந்து நின்றார், மாடிகளில் எல்லோரும் யன்னலில். கம்பியைப் போட்டு இரண்டாம் சுற்றில் பிடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்து, ஏறி இருந்து, இரண்டு கையையும் நீட்டினேன். பிடிக்க ஒன்றும் இல்லை. எட்டு மாதமாக அந்த வாகனத்தின் ஒவ்வொரு ஆணியையும் தொட்டவன், கடைசியில் நம்முடைய ஊர்ப் பழக்கத்தில் வலப்பக்கத்தால் ஏறிவிட்டேன். ஸ்ரியரிங் அந்தப் பக்கம் சும்மா நிற்கிறது. முற்றமே சிரித்தது. வாமதேவன் அண்ணை, ஆளில்லாமல் ஓடுகிற வாகனம் செய்திருக்கிறான் என்றார்.

மரி-லூயிஸ் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கதவுக்குக் கிட்ட வந்து மெதுவாகச் சொன்னார்: "மிஸ்யே, அது நான் உக்காந்த எடம்."

நான் இறங்கி அவருக்குக் கை கொடுத்து ஏற்றிவிட்டேன். மறுபக்கத்தால் வந்து நான் இருந்தேன். இங்கத்தைய லைசென்ஸ் இன்னும் எடுக்காதபடியால் தெருவில் இறக்க ஏலாது. முற்றத்துக்குள்ளேயே சுற்றினேன். முதல் கியர் மட்டுந்தான், ஏழு சுற்று. அம்மா கைப்பையை மடியில் வைத்து நேரே பார்த்தபடி, சந்தைக்குப் போகிறவர் மாதிரியே இருந்தார். எட்டாம் சுற்றுக்குக் கையைத் தூக்கிக் காணும் என்றார். இறங்கும்போது அவர் முகம் வடிவாக இருந்தது.

பிறேக் நன்றாகப் பிடிக்கிறது. கிளச் கொஞ்சம் இறுக்கம், ஓட ஓடச் சரிவரும். படங்கு புதிதாகத் தைத்தாயிற்று. இந்த மாத முடிவில் வாகனம் இங்கிருந்து புறப்படுகிறது, மாமா. உங்கள் சுகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கோ. செசிலுக்கு முத்தங்கள்.

வலன்ரைன்

பேர்ளி,

இந்தத் தாள் உமக்கு மட்டும். மாமாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். குசினிக்குள் போய் வாசியும்.

வாகனம் இங்கிருந்து புறப்படுகிறதுதான். ஆனால் இரண்டு தெரு தள்ளி, வாமதேவன் அண்ணையின் கடை வரைக்குந்தான். இனி அது ரூ காய்க்கு மரக்கறி ஏற்றும். லைசென்ஸ் எடுத்த பிறகு நானே ஓட்டுவேன். மர்செய்க்குப் போகாது. கப்பலேறாது.

அகதி அலுவலகத்தின் கடிதம் ஓகஸ்ட் மாதமே வந்துவிட்டது. என்னை ஏற்றுக்கொண்டார்கள். றூமில் ஆட்டிறைச்சி காய்ச்சிக் கொண்டாடினார்கள். நான் உமக்கு எழுதவில்லை. அகதி அட்டையை எடுக்கிறவனுக்கு ஒரு பிரயாணப் புத்தகமும் கிடைக்கும். எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் போகக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கும். வந்த கடிதத்தை மரி-லூயிஸ் அம்மாவை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். இரண்டு தரமும் அதுதான்.

எடுக்காமல் விட்டிருக்கலாம். இரண்டு மாதம் இழுத்தும் பார்த்தேன். ஊருக்கு வருவேன் என்று உமக்கு எழுதிக்கொண்டே, கிளச்சைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக நாளைக் கடத்தினேன். அது ஓடாமல் நின்ற வரைக்கும் நான் பொய்யன் இல்லை, விளங்குதா? போன ஞாயிறு ஓடிவிட்டது. இனிச் சாட்டுச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமை போய் அந்த அட்டைக்குக் கையெழுத்து வைத்துவிட்டேன், உம்மைக் கேட்காமல்.

எனக்கு அங்கே வரப் பயம், பேர்ளி. இந்த ஒரு வசனத்தை எழுத ஒரு வருடமும் ஒன்பது மாதமும் பிடித்தது. அந்த நாலு நாளில் நடந்ததை விசாரணையில் முன்பின் தெரியாத மூன்று பேருக்குச் சொன்னேன், உமக்குச் சொல்லவில்லை. கண்ணை மூடினால் வழி முழுக்கத் தெரிகிறது என்று எழுதினேன் அல்லவா? மன்னார்ப் பாலத்துக்கு அங்கால் எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. அதில் காவல் நிற்கிறார்கள், நான் விழித்துவிடுவேன்.

இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடுவதற்கானது. கீழே பெருக்கல் போட்ட இடத்தில் நீர் கையெழுத்து வைக்க வேண்டும். மாமாவை விட்டுவிட்டு வாரும் என்று கேட்க எனக்கு வாயில்லை, கேட்கவும் மாட்டேன். அவர் இருக்கும் வரைக்கும் நீர் அவரோடு இரும். கையெழுத்தை மட்டும் இப்போதே வையும். நீர் கோபத்தில் இருப்பீர். கோபத்தோடு வைத்தாலும் அது கையெழுத்துத்தான்.

மாமா கேட்டால் வாகனம் கப்பலேறிவிட்டது என்று சொல்லும். பழைய சரக்குக் கப்பல், ஒவ்வொரு துறைமுகத்திலும் நின்று நின்றுதான் வரும் என்று சொல்லும். அடுத்த கடிதத்தில் சூயஸ் தாண்டியதாக எழுதுகிறேன். பிறகு ஏடனில் எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ நிறுத்துகிறேன், காற்றில் மாட்டிவிடுகிறேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டக் கொண்டுவருவேன், ஆனால் கரைக்கு விட மாட்டேன். அவருடைய மூச்சு உள்ளவரைக்கும் அது கடலில் வந்துகொண்டே இருக்கட்டும். நீர் சத்தமாக, ஆறுதலாக வாசியும்.

உம்மையும் பிள்ளையையும் அந்தப் பெரிய மனுஷனையும் மாதா காப்பாற்றட்டும். இந்தத் தாளை அடுப்பில் போட்டுவிடும். படிவத்தைப் போட வேண்டாம்.

உம்முடைய
வலன்ரைன்