ஜஸ்மீத்தின் அப்பாவுடைய சீப்பு

இஷொய், டென்மார்க், 12 கார்த்திகை 1985, செவ்வாய்

இன்று நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதப் போகிறேன், என் பிழையையும் சேர்த்து.

வகுப்பில் சமய பாடம். சீக்கியர் என்றால் யார் என்று ஆசிரியை கேட்டார். நான் நூலகத்தில் வாசித்திருந்தேன். வகுப்பில் இருக்கும் ஒரே சீக்கியப் பெண்ணான ஜஸ்மீத் வாய் திறக்குமுன் கையை உயர்த்தி, "முடி வெட்டாதவர்கள். வெட்டினால் சீக்கியர் இல்லை" என்று நல்ல டேனிஷில் சொன்னேன். ஆசிரியை மெச்சினார். ஜஸ்மீத் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் அவள் சொன்னாள்: "போன வருசம் அப்பா டெல்லிக்குப் போயிருந்தபோது அங்கே எங்கள் ஆட்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். தன் முடியைத் தானே வெட்டித்தான் அவர் தப்பினார். திரும்ப வளர்க்கத் தனக்குத் தகுதியில்லை என்கிறார். ஆனால் எங்கள் சமயம் வைத்திருக்கச் சொல்லும் மரச்சீப்பை எறியவில்லை. அந்தக் கட்டை முடியை முந்தி மாதிரியே நெடுநேரம் வாருகிறார். இன்றைக்கு நீயும் அவர் சொல்வதையே சொல்லிவிட்டாய்."

பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் இருக்கவில்லை.

வீட்டில் அம்மாவிடம் கேட்டேன்.

"கொழும்பில எங்கட ஆக்களை அடிச்ச அண்டைக்கு நீங்கள் பொட்டை அழிச்சனீங்கள்தானே?"

"ஓம், சீலைத் தலைப்பால. இப்ப ஏன் அது?"

"அண்டைக்கு நீங்கள் தமிழ் இல்லையோ?"

அம்மா அகப்பையைக் கீழே வைத்தார். "விசர்க் கதை கதையாதை, பிள்ளை. தமிழ் எண்டபடியால்தானே அழிச்சனான்."

நாளை இதை ஜஸ்மீத்திடம் சொல்ல வேண்டும். அவள் கேட்பாளோ தெரியாது. அவளுடைய அப்பாவுக்கு யார் சொல்வது?

அம்மா லைட்டை அணைத்துவிட்டார். இந்த வரியை இருட்டில்தான் எழுதுகிறேன்.