பாஸ்கா இரவும் எதிர்வீட்டுக் கதவும்

புரட்டாசி 3, சனிக்கிழமை, 1987

இட ஒதுக்கீடு கேட்டுத் தியாகதுருகம் ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். பஸ் இல்லை. எங்கள் சாதிக்காரர் வீடுகளையும் அடிக்கிறார்கள் என்று பேச்சு. தபாலில் படிக்கும் எம்.ஏ. பாடத்தில் இன்று இடைக்கால யூதர்களின் சடங்குகள். ஊரார் அடிக்க வந்துவிடுவார்களோ என்று பயந்த காலத்திலும், பாஸ்கா என்னும் தங்கள் பண்டிகை இரவில், எலியா தீர்க்கதரிசி வருவார் என்று, வாசல் கதவைத் திறப்பார்களாம். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"பைத்தியமா அவுங்களுக்கு?" என்றவர், அம்மிக்கல்லை நகர்த்திக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்.

பொழுது சாயும்போது யாரோ தட்டினார்கள். "அக்கா, நான்தான். தொறங்க." எதிர்வீட்டுச் செல்வம். மறியல் செய்கிறவர்களின் சாதிதான். ஆனால் தினமும் தட்டாமலே உள்ளே வருகிறவன். நான் எழுந்தேன். இவர் என் வாயைப் பொத்திவிட்டார். மறுபடியும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

அடிக்க வந்தானா, அவனும் போலீசுக்குப் பயந்துபோய்தான் வந்தானா?

எதிர்வீட்டில் இன்னும் விளக்கு போடவில்லை.