அணுகுண்டில் வந்த கரண்ட்

ரவுண்ட் ராக், டெக்சாஸ்,
சனிக்கிழமை

அன்புள்ள யாமினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் செல்லமும் அந்த ஹெல்சின்கி குளிரில் நல்லபடியாக இருக்க முருகன் துணையிருக்கட்டும். பருப்புப் பொடி பார்சலோடு இதையும் வைக்கிறேன், போனில் இதை முழுசாகச் சொல்லி முடிக்க என்னால் ஆகாது.

அமெரிக்காவும் ரஷ்யாவும் அணுகுண்டுகளுக்கு வரம்பு வைத்திருந்த ஒப்பந்தம் முடிந்துபோயிற்று, ரஷ்ய எல்லைக்கு இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பிள்ளை பெறப் போகிறேனே அம்மா என்று போன வாரம் நீ அழுதபோது, மாத்திரை போட்டாயா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். அப்பாவும் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகுதான் எதிர்வீட்டு மரீனா, தன்னோடு இருக்க ரஷ்யாவிலிருந்து வந்துவிட்ட அவள் அம்மா தமாராவை நம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்தாள். தமாரா ரசத்தை இரண்டு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். பேச்சுவாக்கில் அப்பா, ரிடையர் ஆகும்வரை டெக்சாஸ் அணுமின் நிலையத்தில் இருந்தேன் என்றார். மரீனா அதை ரஷ்ய மொழியில் சொன்னதும் அந்த அம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

யூரல் மலைப்பக்கம் மேப்பிலேயே இல்லாத ஓர் ஊராம், அங்கே குண்டு செய்கிற தொழிற்சாலையில் சின்ன வயதிலேயே சேர்ந்திருக்கிறார். அமெரிக்காக்காரன் என்றைக்காவது போடுவான், அதற்குள் நாம் தயாராக வேண்டும் என்றே வளர்ந்தவர். பிறகு சோவியத் நாடே உடைந்து, அத்தனை வருஷப் பகையும் முடிந்து, அதே ஆட்களுக்கு வேலை தலைகீழாகிவிட்டது. கழற்றிய குண்டுகளின் யுரேனியத்தை வீரியம் குறைத்து, இங்கே கரண்ட் எடுக்கக் கப்பலேற்ற வேண்டும். இருபதாயிரம் குண்டுகள் அளவுக்குப் போயிற்றாம். முதல் நாள் வீட்டுக் கதவைக் கழற்றித் திருடனிடமே கொடுக்கிற மாதிரி இருந்தது என்றார்.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். "ஷ்யாமளா, அது எங்க பிளான்ட்டுக்கும் வந்துது. இவங்க அனுப்பினதைத்தான் நாங்க எரிச்சோம்" என்றார். இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை, அவருக்கு அது வெறும் எரிபொருள்.

அதை வைத்து என்ன செய்தீர்கள் என்று தமாரா கேட்டார். அப்பா உள்ளே போய் உன் போட்டோவை எடுத்து வந்தார், குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் கிடந்தாயே, அது. அந்த ஆஸ்பத்திரிக்கும் எங்கள் கரண்ட் போனது, எது எந்த யுரேனியத்தில் வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றும் நேர்மையாகச் சொன்னார். அந்த அம்மாள் போட்டோவில் உன் காலை விரலால் தொட்டு ஏதோ சொன்னார். மரீனா கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் அதை மொழிபெயர்த்தாள்.

"இந்த ஊர் மேல விழணும்னு செஞ்சோம். இந்தக் குழந்தைக்குச் சூடு கொடுத்திருக்கு."

நாளைக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது கண்ணு. ஆனால் செய்த கையே அதைப் பிரித்ததை நம் சாப்பாட்டு மேஜையில் பார்த்தேன், இன்னும் பிரமிப்பு அடங்கவில்லை. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இரும்புச்சத்து மாத்திரையை விடாதே. ஐஸில் நடக்கும்போது மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொள். தமாரா பச்சைக் கம்பளியில் ஒரு குல்லா பின்ன ஆரம்பித்திருக்கிறார், பிறக்கிற குழந்தையின் தலை எவ்வளவு இருக்கும் என்று தினமும் வந்து என்னைக் கேட்கிறார்.

நீயும் குழந்தையும் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
ஷ்யாமளா சுவாமிநாதன்