ஏரிக்கரை வார்டுக்கு ஒரு மனு

12-9-96 வியாழன்
காலையிலிருந்து தூறல். விறகு ஈரம். கஞ்சி மட்டும்.
ஊராட்சித் தேர்தலில் எங்கள் வார்டு இந்த முறை பழங்குடிப் பெண்ணுக்கு. எங்கள் இருளர் வீடுகள் இருபத்திரண்டு. எழுதப் படிக்கத் தெரிந்த பெரியவள் நான் ஒருத்தி, ஐந்தாவது வரை. அதனால் நான்தான் நிற்கிறேன். ஜெயித்தால் குடிதண்ணீர்க் குழாய் கேட்கலாம். இப்போது பெரிய தெருவோடு நிற்கிறது.
சாதிச் சான்றிதழுக்கு நானே மனு எழுதினேன். அடித்தல் திருத்தல் கிடையாது. பேத்தி செல்வி பார்த்துவிட்டு, "எங்க டீச்சர் எய்த்தை விட நல்லாக்கீது ஆயா." இருக்காதா பின்னே.

16-9 திங்கள்
வெயில். விசாரணைக்கு ஆபீசர் வந்தார். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அதுதான் தப்பாகிவிட்டது.
"நீயா எழுதின இதை?"
"ஆமாங்க."
"இருளச்சி இப்படி எழுதுவாளா? பேப்பர் வேற. நீ வேற யாரோ."
நாங்கள் கும்பிடும் கன்னிமார் கல்லைக் காட்டினேன். எலி வளை வெட்டும் கடப்பாறையைக் காட்டினேன். "கடையில விக்குது" என்றார். மனு திரும்பி வந்துவிட்டது. போன வருஷம் இதே சான்றிதழுக்குக் கைநாட்டு வைத்த நாத்தனார் முனியம்மாவை ஒரு கேள்வி கேட்கவில்லை.
முட்டி வலி. எழுத அலுப்பு.

17-9 செவ்வாய்
காலையிலேயே வேப்பமரத்தடியில் கூட்டம். எல்லா வீடும் சரி சொல்லும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது, அது எங்கள் வழக்கம். தலைவர் என் கொழுந்தன் ஏழுமலை.
"புது மனு குடுக்கலாம் அண்ணி. கைநாட்டு வச்சிடு. பேப்பரைப் பொட்டில போடு."
"மாட்டேன். முனியம்மா நிக்கட்டும்."
"நானா? எதுல இன்னா எய்திகீதுன்னு தெரியாம ரேகை உருட்டவா?" என்றாள் முனியம்மா.
இருபத்தொரு வீடு சரி. என் வீடு இல்லை. அரிசி மில் வேலைக்கு யாரும் போகவில்லை. யாரும் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிள்ளைகள் பசியில் படுத்துவிட்டதுகள். பொழுது சாயும்போது சரி என்றேன்.
"இன்னும் கொஞ்சம் உக்காந்திருந்தா மரமே சாஞ்சிருக்கும் அண்ணி" என்று முனியம்மா கைகொடுத்துத் தூக்கிவிட்டாள்.

20-9 வெள்ளி
வேறு ஆபீசர். செல்வி கோணலாக எழுதிய மனு. இடது பெருவிரல். ஒன்றும் கேட்கவில்லை.
விரல் மையைச் சோப்பு போட்டுத் தேய்த்தேன். போகவில்லை.

23-9 திங்கள்
சான்றிதழ் வந்தது. கீழே என் ரேகை. செல்வியிடம் காட்டவில்லை.

24-9 செவ்வாய்
மழை. ஏழுமலையோடு யூனியன் ஆபீஸ். வேலப்பன்சாவடி தாண்டும்வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. கால் கழன்றுவிட்டது.
வேட்புமனு. கிளார்க் மைப்பெட்டியைத் தள்ளினார். பேனா கேட்டேன். ஏழுமலை முழங்கையால் இடித்தான். முழுப்பெயரும் போட்டேன்.
"இன்னா பாட்டி, சர்டிபிகேட்ல ரேகை, இங்க கையெழுத்தா?"
"நேத்து கத்துக்கினேன் சார்."
சர்டிபிகேட்டை இன்னொரு தரம் புரட்டிப் பார்த்தார். பிறகு முத்திரை குத்தினார்.