அப்பாவின் டம்ளரில் வினோ போட்ட கம்பி

சுள்ளான், உனக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கச்சி வினோவும் இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சோறு இறங்குகிறதா. போனில் சொல்லலாம்தான், ஆனால் பேசும்போதெல்லாம் வினோ பக்கத்திலேயே நிற்கிறாள், அவள் மேசையில் கிடக்கிற அந்தப் பச்சை அட்டைக்கும் காது இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம், அதனால்தான் தாளில் எழுதி ஆட்டோக்கார சுவக்கீனிடம் தபாலில் போடக் கொடுக்கிறேன்.

மழை விடவில்லை, ஏலக்காய் எடுப்பு நடக்கிறது. வினோ கடை வேலை விட்டு வந்ததும் அந்த அட்டையோடுதான் உட்காருகிறாள். ரேடியோவைத் திறந்தால் உள்ளே இருக்குமே அந்த மாதிரி, தீப்பெட்டி அளவுதான் இருக்கும், அப்பா படுக்கையில் விழுமுன்பே பார்சலில் வரவழைத்தாள், நீ வந்திருந்தபோது பெட்டிக்குள் வைத்துவிட்டாள். கம்ப்யூட்டரில் ஏதோ எழுதி ஒயர் வழியாக அதற்குள் அனுப்பினால் சொன்னபடி கேட்குமாம். முதல் நாள் கடுகளவு பல்பு ஒன்று மினுக்கியதற்கு வீடே அதிரக் குதித்தாள். சுவிட்சைப் போட்டா எரியுற பல்புக்கு இம்புட்டு ஆட்டமாடி என்றேன். இது நான் எழுதுனதப் படிச்சு எரியுதும்மா என்கிறாள். பக்கத்து வீட்டு இன்பமேரி வந்து பார்த்துவிட்டு, உள்ள கேமரா இருக்கும், துணியப் போட்டு மூடு பேச்சி என்றாள், மூடினேன், அதற்கு ஒரு சண்டை. பிறகு மிளகாய்த் தொட்டி மண்ணில் இரண்டு கம்பியைக் குத்தி, செடிக்குத் தாகம் எடுத்தால் சிவப்பு பல்பு எரியும் என்றாள், எரியத்தான் செய்தது. அதுவரை பொறுத்துக்கொண்டேன்.

அப்பா படத்துக்கு முன்னால் ராத்திரி நான் வைக்கிற தண்ணீர் டம்ளர் உனக்குத் தெரியுமே. ஆஸ்பத்திரியில் தண்ணி தண்ணி என்று கேட்டார், வாயில் வைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அப்படியே போய்ச் சேர்ந்தார். அவர் காரியத்துக்கு வந்து நீ இங்கே இருந்தபோது, விடிந்து பார்த்தால் ஒரு விரற்கடை குறைந்திருக்கும், வந்து குடித்துவிட்டுப் போயிருக்கிறார் என்று எனக்கும் சோறு இறங்கும். நீ ஜீப் ஏறிய மறுநாளே வினோ அந்த டம்ளரிலும் கம்பியைப் போட்டுவிட்டாள். தண்ணி குறஞ்சா பல்பு எரியும், நீ முழிச்சுக் காவல் காக்காமத் தூங்கும்மா என்றாள். பெத்த அப்பனையே வேவு பாக்குறியாடி என்று ஏசினேன். பல்பு எரியவே இல்லை. தண்ணீர் வைத்தது வைத்தபடி இருந்தது. கம்பிக்குப் பயந்துதான் வரவில்லை என்று பிடுங்கி எறிந்தேன், அவள் பொறுக்கிக்கொண்டு போனாள். கம்பி போன பிறகும் குறையவில்லை.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. குறைந்ததெல்லாம் நீ இருந்த நாளில். நீ அந்த அறையில்தான் படுத்திருந்தாய். நீ குடித்தாயா என்று நான் கேட்கமாட்டேன், நீயும் வாய் தவறிச் சொல்லிவிடாதே. வினோவோடு நல்லபடியாகப் பேசு, அவளை ஏசியது என் மனசிலேயே கிடக்கிறது. வெயிலில் நிற்காதே, தண்ணீர் நிறையக் குடி. குலசாமி உன் கூடவே நிற்கட்டும்.

உன் அம்மா
பேச்சியம்மாள்
உடும்பஞ்சோலை

இன்றைக்கும் டம்ளரை நிரப்பித்தான் வைத்திருக்கிறேன். அவர் கேட்ட தண்ணீர் அவருக்கு இன்னும் கிடைக்கவே இல்லையா, சுள்ளான்?